கேள்வி – பதில்: ஆய்வகத் தேர்வில் பிங் ஸ்கிரிப்ட்

கேள்வி: சிஸ்கோவின் சிசிஐஇ (வலையமைப்பு வல்லுநர் சான்றிதழ்) ஆய்வகத் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். ஒவ்வொரு ரவுட்டரிலிருந்தும் மற்ற எல்லா முகவரிகளையும் தனித்தனியாக பிங் செய்து (சிறு தரவுப் பொட்டலங்களை அனுப்பிப் பதில் வருகிறதா என்று சோதித்து) பார்ப்பதிலேயே நேரம் கரைந்துவிடுகிறது. டிசிஎல் என்ற நிரல்மொழியில் ஸ்கிரிப்ட் எழுதிச் சோதிக்கலாம் என்கிறார்கள். தேர்வில் அதற்கு இடமுண்டா? எப்படி எழுதுவது?

பதில்: டிசிஎல் என்பது ரவுட்டரின் ஐஓஎஸ் மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் வசதி என்பதால், அதைப் பயன்படுத்துவதும் மற்றக் கட்டளைகளைப் பயன்படுத்துவது போன்றதே. ஆனால் தேர்வறைக்குள் குறிப்போ கோப்போ கொண்டுசெல்ல முடியாது. ஆகவே நினைவிலிருந்தே தட்டச்சு செய்யக்கூடிய அளவுக்கு அது சிறியதாக இருக்க வேண்டும். நாலைந்து வரிகளே போதும். டிசிஎல்எஸ்எச் கட்டளையால் உள்ளே நுழைந்து, ஃபோர்ஈச் கட்டளையில் மாறிக்கு ஒரு பெயரிட்டு, முதல் நெளிவு அடைப்புக்குள் முகவரிப் பட்டியலையும் இரண்டாவது அடைப்புக்குள் பிங் வரியையும் எழுத வேண்டும். முகவரிகளைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யாதீர்கள், பிழை வரும். ஒவ்வொரு ரவுட்டரிலும் 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்' கொடுத்து, வரும் முகவரிகளை நோட்பேடில் சேர்த்துவைத்தால், அதே பட்டியலை எல்லா ரவுட்டர்களிலும் ஒட்டிக்கொள்ளலாம்.

பிங் வரியை அப்படியே விட்டுவிடக் கூடாது. இயல்பாக அது 5 பொட்டலங்களை அனுப்பும். பதில் வராத ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி காத்திருக்கும். 20 முகவரிகள் எட்டவில்லை என்றால் 200 விநாடிகள் வீணாகும். எண்ணிக்கையை 2 என்றும் காத்திருப்பை 1 விநாடி என்றும் குறைத்தால் அதுவே 40 விநாடிகளில் முடிந்துவிடும். எண்ணிக்கையை 1 ஆக்கிவிடாதீர்கள். ஏஆர்பி (ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைக் கேட்டறியும் நெறிமுறை) பதில் வருவதற்குள் முதல் பொட்டலம் தொலைவது வழக்கம் என்பதால், நன்றாக இயங்கும் இணைப்பும் கெட்டதாகத் தெரியும். திரையில் புள்ளி என்றால் பதில் வரவில்லை, ஆச்சரியக்குறி என்றால் வந்தது. புள்ளியைத் தொடர்ந்து ஆச்சரியக்குறி வந்தால் கவலை வேண்டாம். இரண்டும் புள்ளியாக இருந்தால்தான் தேட வேண்டும்.

அதைவிட முக்கியமானது சோர்ஸ் முகவரி. அதைக் குறிப்பிடாவிட்டால், பொட்டலம் எந்த இன்டர்ஃபேஸ் வழியாக வெளியேறுகிறதோ அதன் முகவரியையே ரவுட்டர் அனுப்புநராக வைக்கும். உங்கள் லூப்பேக் (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் இன்டர்ஃபேஸ்) முகவரிக்குத் திரும்பிவரும் வழி எதிர்முனையில் இல்லாவிட்டாலும் பிங் வெற்றி பெறும், மதிப்பெண் மட்டும் போய்விடும். எனவே லூப்பேக்கை சோர்ஸாக வைத்து ஒருமுறையும், வைக்காமல் ஒருமுறையும் ஓட்டுங்கள்.

ஓஎஸ்பிஎஃப், ஈஐஜிஆர்பி ஆகிய இரண்டு ரவுட்டிங் நெறிமுறைகளையும் இரண்டு ரவுட்டர்களில் பரஸ்பரம் ரீடிஸ்ட்ரிபியூட் செய்திருந்தால் (ஒன்றின் வழித்தடங்களை மற்றொன்றுக்குக் கொடுத்திருந்தால்), ஒரே ஒரு வெற்றிகரமான ஓட்டத்தை நம்பிவிட முடியாது. ஒரு நெறிமுறையிலிருந்து போன வழித்தடம் மற்றொன்றின் வழியாகத் திரும்பி வந்து, ரவுட்டரின் வழித்தடப் பட்டியலில் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கலாம். ஸ்கிரிப்ட் ஓடிய கணத்தில் வழி இருந்தால் எல்லாம் ஆச்சரியக்குறியாகவே தெரியும். வழித்தட மாற்றங்களைத் திரையில் காட்டும் 'டீபக் ஐபி ரவுட்டிங்' கட்டளையைப் போட்டுச் சற்று நேரம் திரை அமைதியாக இருப்பதைப் பார்த்த பிறகு ஸ்கிரிப்டை மீண்டும் ஓட்டுவதே என் பரிந்துரை. பொட்டலம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வினாத்தாள் கேட்டிருந்தால், பிங் அதற்கு விடை சொல்லாது, வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேஸ்ரூட் தேவை. ஐசிஎம்பி-யை (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) தடுக்கும் ஆக்சஸ் லிஸ்ட் (அனுமதி, தடை விதிகளின் பட்டியல்) கேட்கப்பட்டிருந்தால், பிங் தோற்பதுதான் சரியான விடை!

கேள்வி: என் பயிற்சி ஆய்வகத்தில் உள்ள பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சில் டிசிஎல் இல்லை. மாற்று வழி என்ன?

பதில்: மேக்ரோ (பல கட்டளைகளை ஒரே பெயரில் சேர்த்துவைக்கும் வசதி) உதவும். 'மேக்ரோ நேம்' என்று பெயரிட்டு, ஒவ்வொரு வரியிலும் முன்னால் 'டூ' சேர்த்து பிங் கட்டளைகளை எழுதி, கடைசி வரியில் @ குறியிட்டு முடியுங்கள். பின்னர் 'மேக்ரோ குளோபல் அப்ளை' கொடுத்தால் வரிசையாக ஓடும். மேக்ரோவின் வரையறையும் அது ஓடியதற்கான விவரண வரியும் கான்ஃபிகரேஷனில் தங்கிவிடும் என்பதால், சோதனை முடிந்ததும் இரண்டையும் 'நோ' போட்டு நீக்கிவிட்டே சேமியுங்கள்.

கேள்வி: ஸ்கிரிப்டைப் பாதியில் நிறுத்துவது எப்படி?

பதில்: கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அது அப்போது ஓடும் பிங்கை மட்டும் நிறுத்தி அடுத்த முகவரிக்குத் தாவினால், திரும்பத் திரும்ப அழுத்த வேண்டியிருக்கும். முடித்ததும் டிசிஎல்க்விட் கொடுத்து வெளியேறிவிடுங்கள்.