பறக்கும் வாத்துச் சின்னம்: எந்தக் கார், எனாமலை எப்படிச் சரிசெய்வது?

வணக்கம் நண்பரே. உங்களிடம் உள்ள பேட்ஜ் எந்தக் காருடையது, பெயர்ந்த எனாமலை மறுபடி சூளையில் சுடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பறக்கும் வாத்தும் காரின் பெயரும் உள்ள அந்த ரேடியேட்டர் பேட்ஜ் (காரின் முன்பக்கச் சின்னம்) வில்ஸ் சென்ட் கிளேர் காருடையது. ஹென்றி ஃபோர்டிடம் உலோகவியல் வல்லுநராக இருந்த சி. ஹெரால்டு வில்ஸ் 1919இல் விலகி, மிச்சிகனின் மேரிஸ்வில்லில் தொடங்கிய கம்பெனி. 1921இல் அந்தக் கம்பெனியின் முதல் கார், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினுடன் வந்தது. 1927இல் எல்லாம் முடிந்தது. மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த உறுதியான எஃகை அவ்வளவு தாராளமாகப் பயன்படுத்திய அருமையான கார்கள், ஆனால் விலை அதிகம்.

அசல்தானா என்று பார்க்க, ஓரத்தில் அசிட்டோன் தோய்த்த பஞ்சால் தேயுங்கள். அசல் எனாமல் சூளையில் சுட்டு ஒட்டிய கண்ணாடிப் பூச்சு, அது கரையாது. நிறம் பஞ்சில் ஒட்டினால் பெயின்ட்.

நீங்கள் கேட்டது போல மறுபடி சுடுவதற்கு மட்டும் கொடுக்காதீர்கள். எனாமல் உருக ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வேண்டும். பின்பக்க ஆணிகளைப் பிடித்திருக்கும் ஈயப் பற்று 200க்கு அருகிலேயே இளகி விழுந்துவிடும். வெந்நீரும் வேண்டாம், விரிசல் ஓடும். வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ் போதும்.

பெயர்ந்த இடத்தில் நிறமி கலந்த எபாக்சியை (இரண்டு பொருள்களைக் கலந்தால் இறுகும் பசை) ஊசிமுனையால் சற்றே மேடாக வையுங்கள். 24 மணி நேரம் கழித்து 1000 எண், பிறகு அதைவிட மென்மையான 2000 எண் நீர்த்தாளால் (நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), அந்த மேட்டை மட்டும் ஈரமாகத் தேயுங்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்கவே கூடாது.

விளிம்பின் லேசான மஞ்சள் சாயல் நிக்கல் பூச்சு. தயவுசெய்து குரோம் போட்டுவிடாதீர்கள்.