ஊர்க்கோயிலின் வயதை எங்கே பார்ப்பது? – கேள்வி பதில்

வெள்ளவத்தை வாசகர்: எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் சோழர் காலத்தது என்று அப்பப்பா சொல்வார். படங்கள் அனுப்பியிருக்கிறேன். கோபுரத்தை வைத்துக் காலம் சொல்ல முடியுமா ஐயா?

பதில்: அந்தக் கோபுரம் சீமெந்து, தம்பி. உங்களைவிட இளையதாகவும் இருக்கலாம். பழமையைத் தேடுகிறவர் முதலில் குனிய வேண்டும். மூலஸ்தானத்தைத் தாங்கும் அதிட்டானத்தை, அதாவது அடித்தளத்தைப் பாருங்கள். கீழிருந்து மேலாக உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று வரிவரியாகக் கல் அடுக்கியிருக்கிறதா? திருப்பணிக்குத் திருப்பணி மேலே எல்லாம் மாறும், அடியை அவ்வளவு எளிதில் அசைக்க மாட்டார்கள். அடுத்தது தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கட்டையான போதிகை. அதன் முனையில் வாழைப்பூப் போலத் தொங்கினால் அது விஜயநகர, நாயக்கர் கால மரபு. சோழர் போதிகையில் அந்தப் பூ இராது. உங்கள் படத்தில் பூ நன்றாகவே தெரிகிறது, அதுவும் சீமெந்தில் வார்த்த பூ! அப்பப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

தெஹிவளை வாசகி: தமிழகத்தில் சிற்றூரில்கூடப் பழைய கற்கோயில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏன் இல்லை?

பதில்: ஒன்று, இடிப்பு. 1619இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயர் கைக்குப் போனது; கோயில்கள் தரைமட்டமாயின. திருக்கோணேஸ்வரம் 1622இல் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் திருகோணமலைக் கோட்டைக்குள் போயின. கோட்டை வாசலில் பாண்டியரின் இணைக்கயல் (இரட்டை மீன்) சின்னம் இன்றும் இருக்கிறது. இன்றைய நல்லூர்க் கோயிலின் தொடக்கமே 1734தான். மற்றது, மண். குடாநாட்டில் தோண்டினால் சுண்ணாம்புக்கல்தான் வரும், கருங்கல் வராது. அதனால் ஊர்க்கோயில்கள் சுண்ணாம்பிலும் மரத்திலும் ஓலையிலும் எழுந்தன. அவற்றின் ஆயுளும் அவ்வளவுதான். சோழர் கல்லைத் தொட்டுப் பார்க்க ஆசையென்றால் புறக்கோட்டையில் பொலன்னறுவை பஸ் ஏறுங்கள். ‘இரண்டாம் சிவாலயம்’ என்று குறிக்கப்படும் வானவன்மாதேவி ஈச்சரம் அடி முதல் சிகரம் வரை கல்.

கொட்டாஞ்சேனை வாசகர்: அவ்வளவு தூரம் போக முடியாது. கொழும்பில்?

பதில்: உங்களுக்கு நடை தூரம்! கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர். தந்தை கட்டிய கோயிலை சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் மீண்டும் எழுப்பினார். பழைய கோயில் அல்ல, ஆனால் பழைய முறை. வெயில் நேரத்தில் உள்ளே போய் நில்லுங்கள், கல் என்ன செய்கிறது என்று உடம்புக்கே தெரியும்.

பம்பலப்பிட்டி வாசகர்: ஊர்க்கோயில் திருப்பணிச் சபையில் இருக்கிறேன். கற்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. மணலை வீசியடித்துச் சுத்தம் செய்து, வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, எனாமல் பூசலாம் என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள். மணல் வீச்சு பிசுக்கோடு கல்லின் தோலையும் உரித்துவிடும். உளித்தடமும், எழுத்திருந்தால் எழுத்தும் அதோடு சரி. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சீமெந்தும் எனாமலும் அதை உள்ளே பூட்டிவிடும். உப்புப் பூத்துக் கல்லும் செங்கல்லும் உதிரும். பிசுக்குக்கு வெந்நீரும் தும்புத் தூரிகையும் பொறுமையும் போதும். வெடிப்புக்குச் சுண்ணாம்புச் சாந்து. எழுத்து ஏதும் தென்பட்டால் எண்ணெய், மாக்கட்டி எதையும் தேய்க்காமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுக்கத் தெரிந்தவர்கள் வந்து எடுக்கட்டும்.

அதே வாசகர்: சபையில் பாதிப்பேர் நிறம் வேண்டும் என்று நிற்கிறார்களே?

பதில்: மடைப்பள்ளிக்குப் பூசச் சொல்லுங்கள்.