மெயிலை மாற்றும் முன் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்கும் தண்டர்பேர்டு என்ற மெயில் நிரலுக்கும் மாறுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாருக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: புதியதை இன்ஸ்டால் செய்த அன்றைக்கே பழையதைத் தூக்காதீர்கள். ஒரு மாதமாவது இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கட்டும். எது வரவில்லை என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியவரும்.

பத்து வருஷமாக குரோம்தான் பயன்படுத்துகிறேன். ஃபயர்பாக்ஸுக்கு மாறினால் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் கூடவே வந்துவிடுமா?

புக்மார்க் வரும், ஹிஸ்டரி வரும். ஃபயர்பாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் ஜன்னலில் வேறு பிரவுசரிலிருந்து இம்போர்ட் செய்யும் வசதி இருக்கிறது. அந்த நேரத்தில் குரோமை மூடி வைத்திருங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில்தான் நிதானம் வேண்டும். அவை நேரடியாக வராவிட்டால், குரோமின் பாஸ்வேர்டு மேனேஜரில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு சிஎஸ்வி கோப்பாக எடுத்து, அதை ஃபயர்பாக்ஸில் ஏற்றலாம். அந்தக் கோப்பை ஒரு முறை நோட்பேடில் திறந்து பாருங்கள். வரிக்கு ஒன்றாகத் தளத்தின் முகவரி, உங்கள் பெயர், பக்கத்திலேயே பாஸ்வேர்டு. பூட்டு, மறைப்பு எதுவும் கிடையாது. பேங்க், வருமான வரி, மின்வாரியம் எல்லாம் அப்படியே படிக்கக் கிடக்கும். ஏற்றி முடித்த அடுத்த நிமிடம் ஷிஃப்ட் டெலீட் போட்டு அழித்துவிடுங்கள். வெறும் டெலீட் போட்டால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவு செய்து வேண்டாம்.

அடுத்து, ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் பிரைமரி பாஸ்வேர்டு என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள். போடாவிட்டால் உங்கள் நாற்காலியில் வந்து உட்காருபவர் சேமித்த பாஸ்வேர்டுகளைப் படித்துவிட வாய்ப்பிருக்கிறது.

லாகின் நிலை மட்டும் கூட வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தளத்திலும் மறுபடி உள்ளே போக வேண்டும், பல தளங்கள் ஓடிபி கேட்கும். அந்த ஓடிபி இப்போது உங்கள் கையில் இருக்கும் எண்ணுக்குத்தான் வருகிறதா என்று குரோமில் லாகின் ஆகி இருக்கும்போதே சரி பாருங்கள். சிம் மாற்றி மூன்று வருஷம் ஆகியும் பழைய எண்ணையே விட்டுவைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

குரோமை விட்டு எட்ஜுக்குப் போனால் போதாதா? அதுதான் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதே.

போகலாம், தப்பில்லை. ஆனால் 2020 ஜனவரியிலிருந்து எட்ஜும், குரோமுக்கு அடித்தளமாகக் கூகுள் உருவாக்கிய குரோமியம் மீதுதான் ஓடுகிறது. பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாம் அதே அடித்தளம்தான். எனவே வீடு மாறினாலும் அஸ்திவாரம் கூகுளுடையது. அந்த அஸ்திவாரத்தில் கூகுள் ஒன்றை மாற்றினால் மேலே இருப்பவர்கள் எல்லாரையும் அது தொடும். எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை அவர்கள் மாற்றியதில், விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் குரோமில் வேலை செய்யாமல் போனதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஃபயர்பாக்ஸில் அது இன்றும் முழுதாக ஓடுகிறது.

ஃபயர்பாக்ஸின் எஞ்சின், அதாவது இணையப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் பகுதி, கெக்கோ. அது தனி மரபு. அந்தக் காலப் பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப் 1998-ல் தன் நிரல் மூலத்தைத் திறந்துவிட்டதிலிருந்து வரும் மரபு அது. ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளைத் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகுள் தரும் பணம்தான், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படி இருந்தும் வேறொரு எஞ்சின் உயிரோடு இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான் ஃபயர்பாக்ஸைத்தான் சிபாரிசு செய்வேன்.

பழைய அவுட்லுக்கில் பாப் கணக்கு. 2011 முதலான மெயில்கள் இருக்கின்றன. தண்டர்பேர்டுக்கு எப்படிக் கொண்டு போவது?

ஐயா, உங்கள் கேள்வியில் இருக்கும் ‘பாப்’ என்ற ஒரு சொல்லுக்காகவே இதற்கு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

மெயில் நிரல்கள் சர்வரோடு பேச இரண்டு வழி உண்டு. ஐமேப் என்றால் மெயில் சர்வரில் இருக்கும், உங்கள் திரையில் தெரிவது அதன் பிரதி. பாப் என்றால் மெயிலை இறக்கி உங்கள் ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளும், சர்வரில் இருப்பதை உடனேயோ சில நாள் கழித்தோ அழித்துவிடும். ‘சர்வரில் விட்டு வை’ என்ற இடத்தில் டிக் இருந்தாலும் பக்கத்தில் 14 நாள் என்று ஒரு கெடு இருக்கிறதா பாருங்கள். நீங்கள் அனுப்பிய மெயில்களோ, பாப் கணக்கில் உங்கள் கம்ப்யூட்டரின் சென்ட் ஃபோல்டரில் மட்டுமே இருக்கும். அப்படியானால் 2011 முதலான உங்கள் கடிதங்களுக்கு இந்த உலகத்தில் ஒரே பிரதி, அந்த மேஜைக்கு அடியில் இருக்கும் டிஸ்க்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2008-ல் என் மாமாவின் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று ஃபார்மட் செய்தேன். டாக்குமென்ட்ஸ், போட்டோ, பாட்டு எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைத்தேன். அவுட்லுக் எக்ஸ்பிரஸின் கோப்புகள் கண்ணில் படாத வேறொரு ஃபோல்டரில் உள்ளே உள்ளே புதைந்து கிடந்தன. நான் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து கணக்கைத் திரும்பப் போட்டதும் பதினொரு மெயில் இறங்கியது. அவ்வளவுதான். மகள் கல்யாணமாகி வெளிநாடு போன முதல் இரண்டு வருஷம் எழுதிய கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்பாக்ஸைக் கிளிக் செய்தார், மூடினார், மறுபடி கிளிக் செய்தார். அன்றிலிருந்து யார் கம்ப்யூட்டரைத் தொட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “உங்கள் மெயில் பாப்பா, ஐமேப்பா?”

இனி செய்ய வேண்டியது. அவுட்லுக்கை மூடிவிட்டு மெயில்கள் எல்லாம் அடங்கிய அதன் பிஎஸ்டி கோப்பை ஒரு வெளி டிஸ்கில் காப்பி எடுங்கள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அதே கம்ப்யூட்டரிலேயே தண்டர்பேர்டை இன்ஸ்டால் செய்து, டூல்ஸ் மெனுவில் இம்போர்ட் போய் அவுட்லுக்கைத் தேர்ந்தெடுங்கள். புதுக் கம்ப்யூட்டருக்குப் போன பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அவுட்லுக் இருக்கும் இடத்தில்தான் இந்த வேலை எளிதாக நடக்கும்.

அது சரிவரவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அவுட்லுக்கிலேயே ஐமேப் முறையில் ஒரு கணக்கைச் சேர்த்து, பழைய ஃபோல்டர்களில் உள்ள மெயில்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் இழுத்துப் போடுங்கள். மெயில்கள் சர்வருக்கு ஏறும், தண்டர்பேர்டில் அதே கணக்கைப் போட்டால் அங்கே இறங்கும். ஒரே மூச்சில் ஐயாயிரம் மெயிலை இழுக்காமல் இருநூறு முந்நூறாகச் செய்யுங்கள். ஜிமெயிலுக்கு ஏற்றுவதானால் இலவச இடம் 15 ஜிபிதான், அதிலேயே டிரைவும் போட்டோஸும் அடக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் கடைசியில் ஃபோல்டர் ஃபோல்டராக இரண்டு பக்கமும் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன். தண்டர்பேர்டில் ஜிமெயில் ஏற்க மறுக்கிறது.

2022 மே 30-க்குப் பிறகு, வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து வரும் நிரல்களைக் கூகுள் உள்ளே விடுவதில்லை. அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் பகுதிக்குப் போய், சரிபார்க்கும் முறை என்ற இடத்தில் ஓஆத்2 என்று மாற்றுங்கள். அனுப்பும் சர்வருக்குத் தனியாக அதே மாற்றம் செய்ய வேண்டும். பலர் மறப்பது அதைத்தான், மெயில் வரும், ஆனால் போகாது. பிறகு கூகுளின் லாகின் ஜன்னல் திறக்கும், அதில் அனுமதி கொடுத்தால் முடிந்தது. தண்டர்பேர்டில் குக்கீயைத் தடுத்து வைத்திருந்தால் அந்த ஜன்னல் நகராது.

இணைந்ததும் டிஸ்க் வேகமாக நிறைகிறது என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். அதற்கும் இப்போதே பதில்: ஜிமெயிலில் லேபிள்கள் எல்லாம் ஃபோல்டர்களாகத் தெரியும், ‘ஆல் மெயில்’ உட்பட. ஒரே மெயில் இன்பாக்ஸிலும் அதிலுமாக இரண்டு தரம் இறங்கும். ஜிமெயில் செட்டிங்ஸின் லேபிள்ஸ் பகுதியில் ஆல் மெயிலுக்கு எதிரே ஐமேப்பில் காட்டு என்றிருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் நீக்கிய மெயில் போனிலும் காணாமல் போகிறதே?

ஐமேப் அப்படித்தான். இருப்பது ஒரே மெயில்தான், நீங்கள் இரண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். இடம் காலி செய்யத்தான் நீக்குகிறீர்கள் என்றால், முதலில் தண்டர்பேர்டின் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்குக் காப்பி செய்துவிட்டு நீக்குங்கள். அதன் பிறகு அந்தக் காப்பிக்கு நீங்கள்தான் பொறுப்பு.

2002, 2003 வாக்கில் வந்த தமிழ் மெயில்கள் தண்டர்பேர்டில் குப்பையாகத் தெரிகின்றன. அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அவை கெட்டுப்போனவை அல்ல. பெரும்பாலும் டிஸ்கி எழுத்து முறையில் எழுதியவையாக இருக்கும், சில டாப், டாம். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு பரவும் முன், ஐரோப்பிய மொழிகளின் சிறப்பு எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தோம். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர் அந்த இடங்களில் தனக்குத் தெரிந்த ஐரோப்பிய எழுத்துகளைக் காட்டுகிறது. தண்டர்பேர்டில் எழுத்து முறையைச் சரிசெய்யும் மெனு இதற்கு உதவாது.

ஒரு மெயிலின் வரிகளைக் காப்பி செய்து, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழாக வந்துவிட்டால் எந்த முறை என்று தெரிந்துவிட்டது. வராவிட்டால் டாப், டாம் என்று மாற்றி மாற்றி முயலுங்கள். சில எழுத்துகள் மட்டும் விழுந்தால் காப்பி செய்யும்போது உதிர்ந்தவையாக இருக்கலாம், எனவே மாற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிக்கக் கூடாது.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. அந்த வருஷங்களில் தமிழ் இணையத்தின் பேச்சு பெரும்பகுதி, மெயில் வழியாகப் பலர் கூடிப் பேசும் யாஹூ குழுமங்களில் நடந்தது. மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று எத்தனை குழுமங்கள்! யாஹூ 2019 இறுதியில் பழைய மடல்களை எடுத்துவிட்டது, 2020 டிசம்பரில் சேவையையே மூடிவிட்டது. ஆக, உங்கள் இன்பாக்ஸில் குப்பை மாதிரி தெரியும் ஒரு மடலுக்கு வேறெங்கும் பிரதி இல்லாமல் இருக்கலாம். அதில் யாரோ ஒருவர் முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் தமிழில் எழுதிய கவிதை இருக்கலாம்.

ஆபீஸ் தளம் ஒன்று இன்டர்நெட் எக்ஸ்புளோரரில்தான் திறக்கும் என்கிறார்கள்.

அது 2022 ஜூன் 15-ல் ஓய்வு பெற்றுவிட்டது. எட்ஜில், பழைய எக்ஸ்புளோரர் போலவே தளங்களைத் திறக்கும் ஐஇ மோடு இருக்கிறது. செட்டிங்ஸில் டிஃபால்ட் பிரவுசர் பகுதியில் அனுமதித்து, அந்தத் தளத்தின் முகவரியைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். 30 நாளில் காலாவதியாகும், மறுபடி சேர்க்க வேண்டும். அந்த ஒரு தளத்துக்கு மட்டும் எட்ஜ், மற்றதற்கெல்லாம் உங்கள் புதுப் பிரவுசர்.

விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். எந்தப் பிரவுசர் போடலாம்?

குரோம் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-க்குத் தருவதை நிறுத்திவிட்டது. ஃபயர்பாக்ஸில் 115 ஈஎஸ்ஆர் என்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்புதான் அதற்குக் கடைசி. அதைப் போட்டுச் செய்தி படிக்கலாம், வீடியோ பார்க்கலாம். பேங்க் வேலை அதில் வேண்டாம், போனிலேயே செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர் 64 பிட் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுப் பாருங்கள், ஃபயர்பாக்ஸும் தண்டர்பேர்டும் அதிலேயே வரும். போடுவதற்கு முன் உங்கள் மெயில் பாப்பா, ஐமேப்பா என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.