கப்பலிலிருந்து இறங்கும் காலைக்குத்தான் கார் தேவை

கேள்வி: திருச்சியிலிருந்து ஐந்து பேர் வருகிறோம். அதிகாலை எழும்பூரில் இறங்கி, பிற்பகல் சென்னைத் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் ஏறுகிறோம். திரும்பும் நாளன்று மதியமே எழும்பூரிலிருந்து ரயில். அப்பாவுக்கு மூட்டுவலி. போக, வர இரண்டுக்கும் காரை முன்பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: திரும்புவதற்குக் கட்டாயம் செய்யுங்கள். போவதற்கு அவ்வளவு பதற வேண்டாம். எழும்பூரிலிருந்து துறைமுகம் ஐந்து கிலோமீட்டர் அளவுதான். ஆனால் ஐந்து பேரும் பெட்டிகளும் ஒரு சாதாரண டாக்சியில் அடங்க மாட்டீர்கள். ஏழு இருக்கை வண்டி கேளுங்கள். பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து மீதிப் பாதியை மடக்கினால்தான் பெட்டிகளுக்கு இடம் கிடைக்கும். இதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

காலை முழுவதும் வண்டியைக் கையில் வைத்திருக்க விரும்பினால் '4 மணி நேரம், 40 கிலோமீட்டர்' என்ற உள்ளூர் வாடகை முறை உங்களுக்குப் பொருந்தும். கிலோமீட்டர் கணக்கு நீங்கள் ஏறும் இடத்திலிருந்தா, வண்டி கிளம்பும் இடத்திலிருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைத் தகராறுகளில் பாதி இதில்தான் பிறக்கிறது. பெட்டிகளை ரயில் நிலைய கிளோக் ரூமில் வைப்பதென்றால் பூட்டு போட்டிருக்க வேண்டும்.

முகவரியில் 'சென்னைத் துறைமுகம்' என்று மட்டும் எழுதாதீர்கள். ராஜாஜி சாலை நெடுக எண்ணிட்ட வாசல்கள் பல இருக்கின்றன. வடக்கே ராயபுரம் பக்கத்து ஜீரோ கேட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும்; அங்கே மாட்டினால் திரும்பி வருவதே பெரும்பாடு. கப்பல் டிக்கெட்டில் உள்ள வாசல் எண்ணை ஓட்டுநருக்கு அனுப்பிவிடுங்கள். துறைமுகம் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் காவலில் இருப்பதால் எந்த வண்டியும் நினைத்தபடி உள்ளே போய்விட முடியாது. கார் எதுவரை வரும், அங்கிருந்து அப்பாவுக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று கப்பல் நிறுவனத்திடம் இப்போதே கேளுங்கள். கார் வாசலோடு நின்றுவிட்டால் அதற்கப்பால் அவர் நடக்க வேண்டிய தூரம்தான் எனக்குக் கவலை.

ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய பயணமா? கோட்டையில் கொடியேற்றமும் அதற்கு முந்தைய ஒத்திகைகளும் நடக்கும் காலை வேளைகளில் ராஜாஜி சாலைப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். பெருமழை நாட்களில் ரிசர்வ் வங்கி அருகேயுள்ள சுரங்கப்பாதை தண்ணீர் தேங்குவதற்குப் பேர்போனது. அப்படிப்பட்ட நாட்களில் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

இனி திரும்பும் நாள். பயணத் திட்டத்தில் போட்டிருப்பது கப்பல் கரை சேரும் நேரம். நீங்கள் வாசலுக்கு வெளியே வரும் நேரம் வேறு. கப்பலைக் கட்டி, அனுமதி கிடைத்து, பயணிகளைப் பகுதி பகுதியாக இறக்குவார்கள். இலங்கை போய் வரும் கப்பல் என்றால் குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் சேர்ந்துகொள்ளும். கரை சேரும் நேரத்துக்கே காரை வரச் சொன்னால் காத்திருப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இரண்டு மணி நேரம் தள்ளிப் பதிவு செய்யுங்கள். இலவசக் காத்திருப்பு எவ்வளவு, அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு, கப்பலே தாமதமானால் என்ன கணக்கு, ஓட்டுநர் பேட்டா வாடகைக்குள் அடக்கமா — இவற்றை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்பி ஏற வேண்டாம்.

நடுக்கடலில் உங்கள் கைபேசிக்குச் சிக்னல் இருக்காது. கப்பலின் சொந்த அலைவரிசையில் தானாக இணைந்துவிட்டால் ரோமிங் கட்டணம் கண்ணைக் கட்டும். கைபேசியை ஃபிளைட் மோடில் வைத்துவிடுங்கள். ஓட்டுநர் எண், வண்டி எண் இரண்டையும் ஏறுவதற்கு முன்பே வாங்கித் தாளில் எழுதி வையுங்கள். ராஜாஜி சாலையில் வண்டியை ஓரங்கட்டி வெகுநேரம் காத்திருக்க விடமாட்டார்கள். ஆகவே ஓட்டுநர் வேறிடத்தில் நிற்கட்டும். பெட்டிகள் கைக்கு வந்த பிறகு அழைத்தால் போதும்.

வருகிற வண்டியின் நம்பர் பலகை மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்தோடு உள்ளதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் சிக்கல் வரும்.

மதிய ரயிலைப் பொறுத்தவரை, முடிந்தால் அதே நாள் மாலையோ இரவோ புறப்படும் ரயிலுக்கு மாற்றுங்கள். கப்பல் இரண்டு மணி நேரம் தாமதமானால், எவ்வளவு நல்ல ஓட்டுநராலும் அந்த ரயிலைப் பிடித்துத் தர முடியாது.