பெயர் தெரியாமல் சாய்ந்து கிடக்கும் மரத்தின் விறகில் இறைச்சிக்குப் புகை போடலாமா?

மாரிக் காற்றில் வளவின் எல்லையோரம் சாய்ந்த மரம் இன்னதென்று தெரியவில்லை, அதன் விறகில் இறைச்சியும் குளத்து மீனும் புகை போடலாமா என்று முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மரத்தின் பெயர் உறுதியாகும் வரை வேண்டாம் என்பதே என் பதில். சோறு காய்ச்சும்போது பானையும் மூடியும் புகையைத் தடுத்துவிடும்; அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்ட இறைச்சி வத்தலோ மணிக்கணக்காக அந்தப் புகையிலேயே கிடக்கிறது.

கட்டை சிவந்தும் பாரமாகவும் இருந்தால் உடனே பாலை என்று முடிவுகட்டுவோர் நம்மில் பலர். பாரமும் நிறமும் பல மரங்களுக்குப் பொதுவானவை என்பதால், இலை உதிர்வதற்கு முன் ஒரு கொப்பை முறித்து வைத்துக்கொண்டு பாருங்கள். பாலையின் இலை தடித்தது. நுனி கூராக இராமல் சற்றே உள்வாங்கியிருக்கும். சிறு கொப்புகளின் முனையில் இலைகள் நெருங்கி நிற்கும். பட்டையைக் கத்தியால் கீறினால் வெண்பால் கசியும். பால் வடியும் மரத்தை விறகாக்கக் கூடாது என்ற விதி பொதுவாக நல்லதுதான். களப்புக் கரையில் நிற்கும் தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். பழம் தரும் பாலை அந்த விதிக்கு விலக்கு.

அஞ்ச வேண்டியது காஞ்சிரைக்கு. இலைகள் எதிரெதிராக இருந்து, ஒவ்வொன்றிலும் அடியிலிருந்தே மூன்று முதல் ஐந்து நரம்புகள் நுனியை நோக்கி ஓடினால், மரத்தடியைக் கிளறிப் பாருங்கள். செம்மஞ்சள் உருண்டைப் பழமும் பொத்தான் போன்ற தட்டை விதைகளும் அகப்பட்டால் அந்த விறகைச் சமையல் பக்கமே கொண்டுவர வேண்டாம். விதையில் இசுட்ரிக்னைன், பட்டையில் புரூசின் என்று நஞ்சு மரமெங்கும் பரவியிருக்கிறது. முதிரை வேறு விதம்: தக்கை போன்ற பட்டையும் சிறு சிறு இலைகள் நெருங்கிய கூட்டிலையும் கொண்ட அதன் அரிதூள் பட்டாலே சிலருக்குத் தோல் தடித்துச் சொறியும். தளபாடத்துக்கு அருமையான அந்த மரத்தைப் புகைக்கு எரிப்பதே வீண் என்பேன்.

விழுந்த மரத்தில் பூவோ காயோ இல்லாவிட்டால், அதே இலையும் பட்டையும் உள்ள மரம் அயலில் உயிரோடு நிற்கிறதா என்று தேடுங்கள்; காய்க்கும் காலம் வரை பொறுத்தால் அதுவே பெயரைச் சொல்லிவிடும். காடு பழகிய முதியவரிடம் பெயரை மட்டும் கேட்காமல், அந்த விறகில் அவர் வத்தல் போட்டதுண்டா என்றும் கேளுங்கள். அதற்கும் பிடிகொடுக்காவிட்டால், இலையும் காயும் உள்ள கொப்பைப் பத்திரிகைத் தாள்களுக்கிடையே அழுத்திக் காயவைத்துப் காய்ந்த தாவர மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்கும் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் காட்டலாம்.

தறிப்பதற்கு முன் இன்னொன்று. 2009 வரை போர் நடந்த மண் இது. பழைய மரங்களுக்குள் ஷெல் துண்டுகள் புதைந்திருக்கின்றன. பட்டை புடைத்து மூடிய வடுக்களைத் தவிர்த்து அறுங்கள், அறுவைச் சங்கிலி அறுந்தால் ஆளுக்கே ஆபத்து. மரம் எல்லைக்கு அப்பால் அரச காட்டில் கிடந்தால், விழுந்த மரமானாலும் வனவளத் திணைக்களத்தின் அனுமதியின்றி எடுக்க முடியாது.

புகைக்கு என் தெரிவு வளவுக் கொய்யாதான், அடுத்தது மா. எதுவானாலும் பிளந்து, பட்டை உரித்து, மழை படாத காற்றோட்டமான இடத்தில் சில மாதங்கள் அடுக்கி வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்கிவிடுங்கள். ஈர விறகின் அடர்ந்த வெண்புகை விராலையும் கசக்க வைத்துவிடும். தணல் நன்றாகப் பிடித்து, புகை மெலிந்து நீலம் பாய்ந்த பிறகே மீனை மேலே ஏற்றுங்கள்.