ரங்கூனில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

உறவினரைப் பார்க்க ரங்கூன் வருவோர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடிக்க வேண்டாம் என்பதே இங்கு வாழும் என் பதில். லோகா, ஜோபியூ நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் நீர், பழைய குழாய்களையும் மாடித் தொட்டிகளையும் கடந்து வீட்டுக்குள் வருவதற்குள் அதில் கிருமி கலக்க இடமுண்டு. நாங்களே 20 லிட்டர் தண்ணீர் கேன்தான் வாங்குகிறோம். கேன் இல்லாதபோது, நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் மேலும் 1 நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்துக் குடியுங்கள்; ஆனால் கொதிக்க வைப்பதால் ஈயம் போன்றவை நீங்கா. பல் துலக்கவும் கேன் நீரே நல்லது. வழிப்போக்கருக்காகத் தெருவோரம் மண்பானையும் குவளையும் வைப்பது, நம் தண்ணீர்ப் பந்தலைப் போல, இவ்வூர் மக்களின் உயர்ந்த அறம். ஆயினும் அந்த நீர் எங்கிருந்து எடுத்தது என்று தெரியாதவரை, புதிதாக வந்தவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், அதைத் தவிர்ப்பதே நலம்.