படம் பார்க்காதவருக்கு எழுதுவது

வணக்கம் ஐயா,

நான் மொரிஷியஸில் ரோஸ்ஹில் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் 5ஆம் வகுப்பு எடுக்கிறேன். பாட்டியிடம் கேட்டு வளர்ந்த தமிழ், அப்புறம் மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் படித்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் எதையும் வருணித்து எழுத வரவில்லை. புகைப்படம் காட்டி எழுத வைத்தால் நன்றாக வரும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். இணையத்திலிருந்து பனிமலை, கோட்டை, கடற்கரை என்று படங்களை எடுத்துக் கலரில் அச்சடித்துக் கொடுத்தேன். கூடவே ஓர் அட்ஜெக்டிவ் பட்டியலும் கொடுத்தேன். 28 பேரும் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தார்கள்: 'தி சீ இஸ் ப்ளூ. தி ஸ்கை இஸ் ப்ளூ. இட் இஸ் வெரி பியூட்டிஃபுல்.' இவர்களுக்கு வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல், டிவியில் பிரெஞ்சு, பாடப்புத்தகத்தில் மட்டும்தான் இங்கிலீஷ். படத்தால் உண்மையிலேயே பயன் உண்டா? இதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது?

— ஓர் ஆசிரியை

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் தமிழில் பிழை எதுவும் இல்லை. பாட்டிக்கு என் வணக்கம்.

படத்தால் பயன் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகளின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். படம் அவன் கையில் இருக்கிறது. உங்கள் மேசையிலும் அதே படம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்கு அவன் எதற்காகச் சொல்ல வேண்டும்? கடல் நீலம் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது நியாயம்தான். பார்க்காத ஒருவருக்குச் சொல்லும்போதுதான் வருணனைக்கு வேலை வருகிறது. நான் 31 வருடம் வகுப்பெடுத்தவன். இது எனக்குப் புரியவே பாதிக் காலம் ஆனது.

அதனால் முதலில் படத்தை ஒளித்து வையுங்கள். இரண்டு இரண்டு பேராக, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வையுங்கள். ஒருத்தி கையில் படம், இன்னொருத்தி கையில் பென்சில். படம் வைத்திருப்பவள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மற்றவள் வரைய வேண்டும். 'தி போட் இஸ் பியூட்டிஃபுல்' என்றால் பென்சில் நகராது. 'தி போட் இஸ் ஹாஃப் ஆன் தி சேண்ட். எ ரோப் கோஸ் ஃப்ரம் தி போட் டு எ ட்ரீ' என்றால் நகரும். என் வகுப்பில் ஒரு பையன் திரும்பிப் பார்க்க முடியாமல் தவித்து, 'கயிறு மரத்துக்கு முன்னாலா, பின்னாலா?' என்று கிரியோலில் கத்தினான். சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு 'பிஹைண்ட்' என்ற வார்த்தை அன்றைக்குத்தான் உண்மையில் தேவைப்பட்டது. அதன்பிறகு அவள் அதை மறக்கவில்லை.

அட்ஜெக்டிவ் பட்டியலை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். பிள்ளைகளிடம் இல்லாதது அதுவல்ல. பின்னால், அடியில், பாதி வரை, ஓரமாக — எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் சின்னச் சொற்கள்தான் அவர்களிடம் இல்லை. அப்புறம் வினைச்சொற்கள். தொங்குகிறது, சொட்டுகிறது, சாய்ந்திருக்கிறது. இவை வந்துவிட்டால் வருணனை பெரும்பாலும் வந்துவிடும்.

பனிமலையையும் கோட்டையையும் இந்த வருடம் விட்டுவிடலாம். பனியைத் தொட்டறியாத பிள்ளை அதைப் பற்றி எழுத எங்கோ படித்த வாக்கியத்தைத்தான் கடன் வாங்கும். உங்கள் போனிலேயே எடுங்கள். மயேபூரில் திங்கட்கிழமைச் சந்தையை, ஒரே இடத்தில் நின்று மூன்று தடவை எடுத்துப் பாருங்கள்: கடை விரிக்கும்போது, கூட்டம் நெரியும்போது, எல்லாம் கட்டிக்கொண்டு போன பிறகு. மூன்றையும் வரிசையாக வைத்து, என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவது படத்தைப் பார்த்து ஒரு சிறுமி எனக்கு எழுதிய வாக்கியம் இது: 'தி டார்பாலின் இஸ் ஸ்டில் ட்ரிப்பிங் பட் தி மேன் ஹேஸ் கான்.' மழை என்ற சொல் அதில் இல்லை. மழை பெய்திருந்தது எனக்குத் தெரிந்தது. (முகம் தெரியும்படி யாரையும் எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கம் வரட்டும்.)

படத்தைப் பார்க்க ஒரு முறை வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். அது நம் வீட்டிலேயே இருக்கிறது. முதல், கரு, உரி என்று தொல்காப்பியம் வகுத்ததை மோக்காவில் நிச்சயம் படித்திருப்பீர்கள். முதல் என்றால் நிலமும் பொழுதும்: எந்த இடம், என்ன நேரம்? வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது? அப்புறம் கரு: அந்த நிலத்தில் இருக்கும் உணவு, விலங்கு, மரம், பறவை, மக்கள் செய்யும் தொழில். உரி கடைசியில்தான், அங்கே மனசு என்ன ஆகிறது என்பது. உங்கள் பிள்ளைகள் மூன்றாவதை முதல் வரியிலேயே 'பியூட்டிஃபுல்' என்று எழுதிவிட்டு முடித்துவிடுகிறார்கள். முதலையும் கருவையும் கடக்காமல் யாரும் உரிக்குப் போகக்கூடாது என்று ஒரு விதி வையுங்கள். கருப்பொருள் பட்டியலில் பறையும் யாழும் இருக்கின்றன, கவனித்தீர்களா? சத்தத்தையும் நிலத்தில் விளைந்த பொருளாகவே பார்த்திருக்கிறார்கள். படத்தில் சத்தம் இல்லை. அதனால் அதைக் கேட்டே வாங்குங்கள். கடற்கரைப் படத்தில் ஃபிலாவோ மரம் (நம் சவுக்கு) நின்றால், காற்று வீசும்போது அது எப்படி இரையும் என்று கேளுங்கள். இந்தத் தீவில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். தைப்பூசக் காவடிப் படமாக இருந்தால் எலுமிச்சை வாசனையும், காலுக்கடியில் தார்ச்சாலைச் சூடும், வீட்டில் வாழையிலையில் காத்திருக்கும் ஏழு கறியும் படத்துக்கு வெளியே இருக்கின்றன. அவற்றையும் எழுதலாம்.

கிரியோலைப் பற்றி நீங்கள் கொஞ்சம் வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். வருந்த வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் பென்சில் இல்லாமல், கிரியோலிலேயே பேசட்டும். 2012 முதல் ஆரம்பப் பள்ளியில் அது ஒரு விருப்பப் பாடமாகவே இருக்கிறது. அதைப் பேசினால் இங்கிலீஷ் கெடும் என்ற பயம் வேண்டாம். கண் தன் மொழியில் பார்த்து முடித்த பிறகு, எந்தச் சொல்லுக்கு இங்கிலீஷ் தெரியவில்லையோ அதைப் பலகையில் எழுதிக் கொடுங்கள். 'தால் பூரி'யை மாற்றவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். 6ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருந்தும். நீங்கள் படித்த அதே இன்ஸ்டிடியூட்டில்தான் இந்தியக் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்து இறங்கிய நம் மூதாதையரின் பெயர், தந்தை பெயர், வயது, உயரம், உடம்பிலுள்ள தழும்பு என்று ஒரு குமாஸ்தா பதிவேட்டில் எழுதினார். 1860களில் முகத்தைப் படமும் எடுக்கத் தொடங்கினார்கள். 1867இல் வந்த சட்டம், ஒப்பந்தம் முடித்தவர்களும் தங்கள் படம் ஒட்டிய சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்றது. நம் முகங்கள் முதன்முதலில் இங்கிலீஷில் வருணிக்கப்பட்டது அப்படித்தான், அடையாளம் கண்டு பிடிப்பதற்காக. அந்தப் படங்களில் ஒன்றைப் பிள்ளைகள் முன் வைத்து, குமாஸ்தா எழுதாமல் விட்டது என்ன என்று கேட்டுப் பாருங்கள். நான் ஒரு முறை கேட்டபோது வகுப்பு வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒருவன் கையைத் தூக்கி, அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றான். அதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டான். சொன்னேன். எழுதிக்கொண்டான்.

மதிப்பெண் கேட்டிருந்தீர்கள். எழுதியதைப் படித்து மற்றவர் வரைந்த படத்தையும், அசல் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சரியான இடத்தில் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மதிப்பெண். எழுத்துப்பிழைக்கு அன்றைக்கு மட்டும் எதையும் குறைக்காதீர்கள். அப்புறம், வரைந்த தாள்களைத் தூக்கிப் போடாமல் எனக்கு ஒன்றிரண்டு அனுப்பிவையுங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.